அடுப்படியில் கரண்டி பறந்தால் முதலாளி என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 31. மதுரை அண்ணா நகரில் ஒன்றரை வருடமாக ஓர் அசைவ ஓட்டல் நடத்துகிறேன். அப்பா திருமங்கலத்தில் மெஸ் வைத்திருந்தவர், இப்போது உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன்னால், சென்னையில் நட்சத்திர ஓட்டலில் வேலை பார்த்த ஒருவரை செஃப் ஆகச் சேர்த்தேன். கை அபாரம். அவர் வந்த பிறகு வியாபாரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. தட்டைத் தூக்கி எறிவார், ஆட்களை எல்லார் முன்னாலும் கேவலப்படுத்துவார். இதுவரை மூன்று பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். போன வாரம் கரண்டியை எறிந்ததில், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து ஹெல்ப்பராக இருக்கும் 19 வயதுப் பையனின் முன்கையில் சூடான கிரேவி தெறித்துக் கொப்புளம் போட்டுவிட்டது. நான் கேட்டதற்கு, "பெரிய செஃப் எல்லாம் இப்படித்தான் மேடம். டிவியில் கார்டன் ராம்சேயைப் பார்த்ததில்லையா?" என்றார். திறமைசாலிகள் எல்லாரும் இப்படித்தானா? இவரை அனுப்பினால் கடை படுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பையன் சித்திரைத் திருவிழா முடிந்ததும் திருப்பூருக்குப் போய்விடுவதாகச் சொல்கிறான்.

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முப்பத்து நான்கு வருடம் ஓட்டல் கிச்சனில் நின்றவன் நான். இப்போது கேட்டரிங் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் செஃபைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள். என் கண் அந்தப் பையனின் கையிலேயே நிற்கிறது.

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடையில், உங்களிடம் சம்பளம் வாங்கும் ஒருவர், உங்களிடம் சம்பளம் வாங்கும் இன்னொருவரைக் காயப்படுத்தியிருக்கிறார். திறமை, மேதைமை, டிவி எல்லாம் இதற்குப் பிறகு பேச வேண்டியவை. அவர் கை எவ்வளவு ருசியானதாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாக நிற்க வேண்டும்.

சரி, ராம்சே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் செஃப் அந்தப் பெயரை ஒரு சான்றிதழ் மாதிரி நீட்டியிருக்கிறார், அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

பிரிட்டன் செஃபான கார்டன் ராம்சே பெரிய தொழில்காரர், அதில் சந்தேகமில்லை. 1998இல் லண்டன் செல்சியில் சொந்த உணவகம் திறந்து, 2001இல் மிஷலின் என்ற உணவக வழிகாட்டி தருகிற மிக உயர்ந்த மதிப்பான மூன்று நட்சத்திரம் வாங்கினார். லண்டனிலும் பாரீஸிலும் பெரிய சமையல்காரர்களின் அடுப்படிகளில் வருடக்கணக்கில் கையாளாக நின்று கற்றுக்கொண்ட தொழில் அது. உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு அவரைத் தெரிந்தது, போட்டியாளர்களை அவர் திட்டித் தீர்க்கிற 'ஹெல்ஸ் கிச்சன்' என்ற டிவி சமையல் போட்டி வந்த பிறகுதான்: இங்கிலாந்தில் 2004, அமெரிக்காவில் 2005. அமெரிக்க நிகழ்ச்சியின் ஆரம்ப வருடங்களில் நாம் பார்த்த அந்த உணவகம், லாஸ் ஏஞ்சலஸில் படப்பிடிப்புக்காகக் கட்டிய அரங்கம். அங்கே திட்டு வாங்குகிறவர்கள் தாங்களே விண்ணப்பம் போட்டு, தேர்வாகி, பரிசை நினைத்து வந்து நிற்பவர்கள். நாள் கணக்கில் எடுத்ததிலிருந்து சூடான நிமிடங்களை மட்டும் வெட்டி ஒட்டி, பின்னால் இசை சேர்த்து நமக்குத் தருகிறார்கள். வெங்காயம் உரிக்கிற நேரம், எலும்பு சாறு இறங்குகிற நேரம், பத்துப் பேர் பேசாமல் குனிந்து வேலை பார்க்கிற நேரம் திரைக்கு வராது. உங்கள் கடையில் ஒரு நாளில் பெரும்பகுதி அந்த நேரம்தான்.

2017இல் நம் ஊர்ப்பக்கத்து மெதுவடை, சாம்பார், சட்னியைப் படம் எடுத்து ட்விட்டரில் ஒருவர் அவருக்கு அனுப்பி மதிப்பெண் கேட்டார். ஜெயிலிலிருந்து ட்வீட் போட முடியும் என்று தனக்குத் தெரியாது என்கிற மாதிரி ராம்சே பதில் போட்டார். நம் வடையை ஜெயில் சாப்பாடு மாதிரிச் சொன்னதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவருக்குச் சாப்பாட்டுப் படம் அனுப்புகிறவர்கள் எதற்காக அனுப்புகிறார்கள்? அவர் வாயால் ஒரு திட்டு வாங்கத்தான். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. உசிலம்பட்டிப் பையன் உங்களிடம் திட்டு வாங்க வரவில்லை. மாதச் சம்பளத்துக்கு வந்தவன்.

இன்னொன்றும் இருக்கிறது. 2012இல் ராம்சே நடுவராக இருந்த அமெரிக்க மாஸ்டர்செஃப் என்ற டிவி சமையல் போட்டியில் கிறிஸ்டின் ஹா என்று பார்வையிழந்த ஒரு பெண் ஆப்பிள் பை செய்து வைத்துவிட்டு, கெட்டுப்போயிருக்கும் என்று கலங்கி நின்றார். ராம்சே அதன் மேலோட்டைக் கத்தியால் உரசி, அது எவ்வளவு மொறுமொறுப்பாக வந்திருக்கிறது என்று அவர் காதுக்குக் கேட்கும்படி செய்து காட்டினார். குரலை உயர்த்தவே இல்லை. அந்த வருடப் போட்டியில் வென்றது அந்தப் பெண்தான். அடுத்த வருடம் தொடங்கிய குழந்தைகள் போட்டியிலும் அவர் ஒரு தாய்மாமன் மாதிரிதான் நடந்துகொண்டார். அதே மனிதர், அதே வாய். எங்கே கத்துவது, எங்கே அடங்குவது என்று அவருக்கு நன்றாகத் தெரிகிறது.

உங்கள் செஃபுக்கும் தெரியும். உணவுப் பாதுகாப்பு அதிகாரி கிச்சனுக்குள் வந்து நின்றால் அவர் தட்டை எறிவாரா? உங்கள் அப்பா வந்து முக்காலியில் உட்கார்ந்தால் கெட்ட வார்த்தை வருமா? வராது. அப்படியானால் அடக்க முடியாத கோபம் என்று சொல்வது உண்மையில்லை. திருப்பிப் பேச முடியாதவன் யார் என்று பார்த்துத்தான் அது இறங்குகிறது.

இந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதே பாதையில் வந்தவன். ராம்சே இளைஞராக இருந்தபோது லண்டனில் மார்கோ பியர் ஒயிட் என்ற பெரிய செஃபிடம் வேலை பார்த்தார். அந்த மார்கோ இவரை அழ வைத்தவர் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அடி வாங்கியவன் பெரியவனானதும் அடிக்கிறான். டென்மார்க்கில் நோமா உணவகத்தை நடத்திய ரெனே ரெட்ஸெபி, தானும் ஆட்களை மிரட்டிக் கத்துகிறவனாகவே பல வருடம் இருந்ததை 2015இல் வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டார். உலகமே கொண்டாடிய சமையல்காரர் அப்படி எழுதியதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் இதற்கும் முன்னால் ஒருவர் இருந்தார். இன்றைக்குப் பெரிய ஓட்டல் கிச்சன்களில் இவர் சாஸுக்கு, இவர் இறைச்சிக்கு, இவர் இனிப்புக்கு என்று பிரிவு பிரித்து வேலை நடக்கிறதே, அதை ஒழுங்குபடுத்திய பிரெஞ்சுக்காரர் அகுஸ்த் எஸ்கோஃபியே. 1846இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் நீஸ் நகரத்தில் மாமாவின் உணவகத்தில் சேர்ந்து நன்றாக அடி வாங்கினார். பிறகு லண்டனில் சவாய் ஓட்டலின் கிச்சனை நடத்தியபோது அங்கே கெட்ட வார்த்தையைத் தடை செய்தார், குடியையும் தடை செய்தார். ஆர்டரை உரக்கச் சொல்கிற ஆளுக்கு அதுவரை பிரெஞ்சில் 'குரைக்கிறவன்' என்றுதான் பெயர். அதை 'அறிவிக்கிறவர்' என்று மாற்றினார். தனக்குக் கோபம் வந்தால் கிச்சனை விட்டு வெளியே போய்விடுவாராம். நம் செஃப்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் மொத்தத் தொழில்முறையும் அந்த மனிதரிடமிருந்து வந்தது. உங்கள் செஃபுக்கு ஒரு பெரிய பெயர் வேண்டுமென்றால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். பதினேழு வயதில் மதுரையில் ஓர் ஓட்டலில் கையாளாகச் சேர்ந்தேன். அங்கே சரக்கு மாஸ்டர், அதாவது தலைமைச் சமையல்காரர், வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டினால் கரண்டிக் காம்பால் விரல் முட்டியில் அடிப்பார். தொழில் கற்றுக்கொண்டேன். கூடவே அவர் வாயையும் கற்றுக்கொண்டேன். எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை பார்த்த காலத்தில் என் சத்தம் கேட்டால் சப்ளையர்கள்கூட உள்ளே வரத் தயங்குவார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள். ராத்திரி முழுக்க ஊர் விழித்திருக்கும், கடை மூடவே முடியாது. நாற்பது கிலோ கோழி மசாலா தடவி வைத்திருந்தோம். அதில் பன்னிரண்டு கிலோ டப்பா ஒன்றை ஒரு பையன் ஃப்ரிட்ஜில் வைக்க மறந்து வெளியே விட்டுவிட்டான். விடிகாலை ஐந்து மணிக்குப் பார்த்திருக்கிறான். ஒருவரிடமும் சொல்லாமல் டப்பாவை உள்ளே தள்ளி மூடிவிட்டான். பதினொரு மணிக்கு இன்னொரு ஆள் மூடியைத் திறந்தபோது வாசனை மாறியிருந்ததால் பிடிபட்டது. பையனைக் கூப்பிட்டேன். "சொன்னா அடிப்பீங்கன்னு பயந்துட்டேன் அண்ணே" என்றான். பன்னிரண்டு கிலோவையும் கொட்டினோம். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மதுரை மே மாதத்தில், அடுப்பு எரியும் கிச்சனில், பச்சைக்கோழி ஆறு மணி நேரம் வெளியே இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும். எல்லாக் கிருமியும் வாசனை காட்டிக் கொடுக்காது. சில கிருமிகள் விட்டுப்போகிற நஞ்சு, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. அன்றைக்கு வாசனை வராமல் இருந்திருந்தால் அந்தக் கோழி பிரியாணியாகக் குழந்தைகள் தட்டுக்குப் போயிருக்கும். மறந்தது பையன். மறைக்க வைத்தது நான்.

கத்துகிற கிச்சன் தன் தப்பை மறைக்கக் கற்றுக்கொள்ளும். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இதுதான். கத்தி வெட்டிய விரலைத் துணியில் சுற்றி மறைப்பார்கள். கீழே விழுந்த கறியை எடுத்துக் கழுவிப் போடுவார்கள். நேற்றைய கிரேவியை இன்றைக்கு வைத்ததில் கலப்பார்கள். முதலாளிக்குத் தெரியாது, செஃபுக்கும் தெரியாது, சாப்பிடுகிறவருக்குத்தான் தெரியும். இப்போது உங்கள் கல்லாவில் இரண்டு மடங்கு விழுவது நிஜம். ஒரே ஒரு குடும்பம் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அதற்காகக் கிச்சனில் சத்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. புகைபோக்கி ஒரு பக்கம் ஓடும், பர்னர் ஒரு பக்கம் இரையும், பரோட்டாக் கல்லில் கொத்து போடுவார்கள். உரக்கச் சொன்னால்தான் கேட்கும். "சூடு வருது, வழி" என்று கத்த வேண்டும், கத்தாவிட்டால் யாராவது வெந்துபோவார்கள். திருமங்கலத்துக்காரரான உங்களுக்கு வடக்கம்பட்டி தெரிந்திருக்கும். தை மாதம் முனியாண்டி கோவில் திருவிழாவில், ஊர் ஊராக ஓட்டல் நடத்துகிற அந்த மக்கள் வந்து கூடி ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாகப் பிரியாணி ஆக்குவார்களே. நான் போய் நின்று பார்த்திருக்கிறேன். சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் "அடுப்பைத் தள்ளு", "அரிசியைக் கொண்டா" என்று வேலையைப் பற்றிய சத்தம்தான் அது. ஒருவன் பிறப்பையும் அவன் தாயையும் இழுக்கிற சத்தத்தை நான் அங்கே கேட்கவில்லை.

உங்கள் பயத்துக்கு வருவோம். அவர் போனால் கடை படுத்துவிடும் என்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் கடையின் ருசி இன்றைக்கு அவர் தலைக்குள் இருக்கிறது, கடைக்குள் இல்லை. நம் பக்கத்தில் பழைய சரக்கு மாஸ்டர்கள் மசாலா கலக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்தக் கதவுதான் அவர்களுடைய பலம். எவ்வளவு ஆடினாலும் முதலாளி பொறுத்துக்கொள்வார் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் செஃப் ஆடுவதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

ஆகவே, அவரை வைத்துக்கொள்வதாக இருந்தாலும், அனுப்புவதாக இருந்தாலும், முதல் வேலை அளவுகளை எழுதி வாங்குவது. கைப்பிடி, ஒரு கரண்டி, கண் அளவு என்று எழுதாதீர்கள். தராசு வைத்து கிராமில் எழுதுங்கள். பத்துக் கிலோ கறிக்கு மல்லி எத்தனை கிராம், சோம்பு எத்தனை கிராம், வெங்காயம் வதக்க எத்தனை நிமிடம். தினமும் இரண்டு பதார்த்தம் என்று எடுத்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். நட்சத்திர ஓட்டலில் வேலை பார்த்தவருக்கு இது புதிதில்லை, அங்கே எல்லாம் எழுத்தில்தான் இருக்கும். அளவைத் தர மாட்டேன் என்றால், அவர் உங்களை எங்கே வைத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். எழுதிய பிறகு, உங்களிடம் ஏற்கனவே இருப்பவர்களில் நாக்கு நன்றாக இருக்கிற ஒருவரை அவருக்கு அடுத்த கையாகப் பழக்குங்கள். வாரத்தில் ஒரு நாள் செஃப் லீவு எடுக்கட்டும், அன்றைக்கு இந்த அடுத்த கை கிச்சனை நடத்தட்டும். முதல் இரண்டு வாரம் உப்பு முன்னே பின்னே இருக்கும். பரவாயில்லை.

அவரிடம் பேசுவதற்கு மதியச் சாப்பாடு ஓய்ந்து, மூன்றரை மணிக்கு மேல் கூப்பிடுங்கள். தனியாக, கடைக்கு வெளியே, டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். எல்லார் முன்னாலும் கேட்டால் அவர் செய்ததையே நீங்களும் செய்ததாக ஆகிவிடும். "உங்கள் கை எனக்கு வேண்டும். ஆனால் இந்தக் கடையில் யார்மீதும் எதையும் எறியக் கூடாது, யாரையும் தொடக் கூடாது, குடும்பத்தையும் ஊரையும் சாதியையும் இழுத்துப் பேசக் கூடாது. இன்னொரு முறை எறிந்தால் அன்றைக்கே கணக்கு முடித்துவிடுவேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு மறந்துபோகும்.

சாதியைச் சொன்னேன். நம் வட்டாரத்தில் கிச்சன் திட்டு எந்த இடத்தில் போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படி ஏதாவது நடந்திருந்தால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவருக்கு மறுவாய்ப்பு கொடுக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன்.

அவர் பக்கமும் ஒரு தடவை பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறார்? ஓட்டல் தொழிலுக்கென்றே 1958இல் வந்த தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வரம்பு போட்டிருக்கிறது. மதுரையில் காலை பத்துக்கு வந்து ராத்திரி ஒன்றரைக்குப் போகிற மாஸ்டர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். மூன்று பேர் போன இடத்துக்கு ஆள் போட்டீர்களா, அல்லது இருப்பவர்களை வைத்தே ஓட்டுகிறீர்களா? வியாபாரம் இரண்டு மடங்கானபோது பர்னரும் புகைபோக்கியும் இரண்டு மடங்கானதா? மெனுவில் எத்தனை பதார்த்தம்? எழுபது எண்பது இருந்தால் பாதியை எடுத்துவிடுங்கள். இதெல்லாம் எறிந்ததற்கு மன்னிப்பு ஆகாது. ஆனால் இவை முதலாளியான உங்கள் வேலை. இதைச் சரி செய்துவிட்டால், அடுத்த மாதம் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்து ஆளை எடை போட்டுவிடலாம்.

ஒரு மாதம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மாறவில்லை என்றால், வியாபாரம் இறங்கினாலும் அனுப்பிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், நாளைக்கே, அந்தப் பையனோடு உட்காருங்கள். செஃபிடம் பேசுவதற்கு முன்பே. கொப்புளம் ஆறிவிட்டது என்று அவன் சொன்னாலும் டாக்டரிடம் காட்டுங்கள், செலவு கடையுடையது, அந்த நாட்களின் சம்பளத்தையும் பிடிக்காதீர்கள். கிச்சனில் எல்லாருக்கும் ஒன்று சொல்லி வையுங்கள்: சுட்டால் உடனே குழாயைத் திறந்து இருபது நிமிடம் தண்ணீரில் காட்ட வேண்டும், பேஸ்ட்டோ மாவோ தடவக் கூடாது. அப்புறம் அவனிடம் கேளுங்கள், இந்த எட்டு மாதத்தில் உன் கண் முன்னால் என்னென்ன நடந்தது, எதையெல்லாம் என்னிடம் சொல்லாமல் விட்டாய் என்று. குறுக்கே பேசாதீர்கள். அவன் பேசி முடிக்க நேரம் ஆகும், அன்றைக்குக் கல்லாவில் வேறு யாரையாவது உட்கார வையுங்கள்.